மியூவானும் ஆடி அமாவாசையும்

...அளந்த எண் மாறவேயில்லை, அதுதான் கொடுமை, அத்தனை பேர் வருடக்கணக்காக மினக்கெட்டு அளந்தும் மியூவான் பழைய இடத்திலேயே நிற்கிறது, மாறியது நாங்கள் போட்ட கணக்குத்தானே என்று நினைத்தபடி கம்சாயினி ஓட்டோக் கம்பியைப் பிடித்திருந்தாள், கல்லடிப் பாலத்தில் வாவிக்காற்று முகத்தில் அடித்தது. மியூவான் என்பது இலத்திரனின் பாரமான அண்ணன், காந்தப்புலத்தில் விட்டால் பம்பரம் போலத் தலையாட்டும், நியம மாதிரி என்று உலகமே நம்பும் கோட்பாடு சொன்னதைவிட அது ஒரு துளி அதிகமாக ஆடியது... அந்தத் துளிக்குத்தானே தன் இளமையைக் கொடுத்தாள்? யாரோ தொடுகிறார்கள், இதுவரை எவரும் காணாத ஒரு துகள் வந்து தொட்டுவிட்டு மறைகிறது என்று எழுதினாள், பட்டம் வாங்கினாள், பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலையும் அதால்தான். இந்த வருடம் வேறு ஆட்கள் வேறு வழியில் கணக்கைத் திரும்பப் போட்டார்கள், இடைவெளியே இல்லை என்றாகிவிட்டது. தொட்டவர் எவருமில்லை. அதை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

பக்கத்தில் அம்மா அன்னப்பூரணி, மடியில் மாற்றுச்சேலைப் பை. விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சீருடைக்காரர்கள் அப்பா சாமித்தம்பியை ஆரையம்பதி வீட்டு வாசலில் வைத்துக் கூட்டிப்போனபோது கம்சாயினி பாலர் வகுப்பு, அதன்பின் ஒரு தகவலும் இல்லை. தகப்பனைப் பறிகொடுத்தவர்கள்தான் ஆடி அமாவாசை விரதம் பிடிப்பது. அதனாலேயே அம்மா ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் விடியவே எழுப்பி, பிட்டும் வாழைப்பழமும் பிசைந்து, வேண்டாம் என்றாலும் வாயில் திணிப்பாள், உனக்கென்னகா விரதம், அப்பா வருவார், தின்னு... கொழும்பில் கண்டதாக ஒருவர் சொன்னார், ஒருநாள் தொலைபேசி அடித்துப் பேசாமல் நின்றது, எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே விளக்கம், அவர்தான். கம்சாயினி மட்டும் தன் ஆய்வில் வேறென்ன செய்தாள்? இன்றைக்குக் காலையில் அடுப்பு எரியவில்லை. "மகள், இண்டைக்கு ஒண்டும் சாப்பிடாத. மாமாங்கத்தில தீர்த்தமாடுவம்." அவ்வளவுதான். அம்மாவும் கணக்கைத் திரும்பப் போட்டுவிட்டாள் என்று விளங்கியது, கம்சாயினி ஓட்டோ பிடிக்கச் சந்திக்குப் போனாள்.

அமிர்தகழி மாமாங்கக் கோயில் குளக்கட்டில் நிற்க இடமில்லை, எல்லாத் தலையும் ஈரம், ஆளுக்கொரு பெயர், அத்தனையும் செத்தவர்களின் பெயர். ஐயர் நிமிர்ந்தார். "மோட்ச அருச்சனைக்கு அப்பாட பேரச் சொல்லுங்க." சொன்னால் முடிந்தது, நாலே எழுத்து... இல்லை ஐந்தா, எத்தனை, ஏன் இப்போது எண்ணுகிறாள்? அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து அவள் கடைவாயைத் துடைத்தாள், சீனி ஒட்டியிருந்தது. சந்திக் கடையில் வாங்கிய, சீனி தூவிய பணிஸ் ரொட்டி. மறந்துபோய்த்தான் தின்றாள், மறந்துபோய்த்தானா? "சாப்பிட்டயா?" "ஓம்மா." ஏச்சு விழும் என்று நின்றாள். அம்மா ஐயரின் பக்கம் திரும்பினாள். "பேர் ஒண்டும் இல்ல ஐயா. இவள் சாப்பிட்டுட்டாள். நாங்க சும்மா கும்பிடத்தான் வந்தம்." சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதி, இத்தனை வருடத்தில் அவள் கண்டிராதது. திரும்பிப் படியேறும்போதுதான் கம்சாயினிக்கு உறைத்தது... அடுத்த ஆடி அமாவாசைக்கு, அப்பா வருவார் என்று விடியவே எழும்பிப் பிட்டு அவிக்க வேண்டியவள் இனித் தானா?