வெட்டுப்பட்ட பக்கம்

வெல்டராக இருந்த அண்ணன், தனக்குப் பார்வை மங்கத் தொடங்கிய வருடம், நர்சரியிலிருந்து ஒரு சைப்ரஸ் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊசியிலை ஜாதிதான், ஆனால் குத்தாது. நூல் நூலாகத் தொங்கும், வருடம் முழுக்கப் பச்சை மாறாது.

“கை வச்சாலே இதுதான்னு தெரியும் பாரு,” என்றார்.

அவர் எதற்குத் தயாராகிறார் என்பது தங்கைக்குப் புரிந்துவிட்டது.

எட்டு வருடத்தில் செடி அவர் தோள் உயரம் வந்தது. அண்ணனும் தங்கையும் மட்டுமே இருந்த வீட்டில் அதற்குத்தான் செல்லம். உள்ளே காய்ந்து பழுத்த நூல்களை விரலாலேயே கோதி எடுப்பார். “எனக்குத்தான் வாரிக்க முடியில்ல, இதுக்காவது வாரி விடுறேன்,” என்று வழுக்கையைத் தடவிக்கொள்வார்.

பார்வை மிச்சமிருந்த ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பலிக்கவில்லை. இனி முழு இருட்டோடு வருபவர் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று, வாசல் நடைபாதையில் சரிந்து கிடந்த ஏழு கிளைகளைத் தங்கை கட்டையோடு ஒட்ட வெட்டிவிட்டாள். துளிர்த்துவிடும் என்றுதான் நினைத்தாள். போய்க் கேட்டபோது நர்சரிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“பச்சை இருக்குற நுனியை வெட்டினா தழையும்மா. வெறுங்கட்டை திரும்பத் துளிர்க்காது.”

அண்ணன் வீடு திரும்பியதும் வெயில், ஈரம் என்று செடிப் பக்கம் போகவிடாமல் மூன்று நாள் சாக்குச் சொன்னாள். நாலாம் நாள் காலை, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவள் ஓடிவந்தபோது அவர் விரல் ஒரு வெட்டுவாயில் நின்றிருந்தது. பிறகு அடுத்தது. ஏழு வெட்டுவாய்களையும் தொட்டுப் பார்த்தார்.

“யாரு வெட்டினது?”

“நான்தாண்ணே. நீங்க விழுந்துடுவீங்கன்னு பயந்து...”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கண்ணு மட்டுந்தானே போச்சு.”

அன்று இருவருமே சாப்பிடவில்லை.

மறுநாள் அவரே கூப்பிட்டார். “பழைய துணி ஒண்ணைக் கிழிச்சுக் கொண்டா.”

பக்கத்துக் கிளைகளை ஒடியாமல் வளைத்து, வெற்றிடத்தின் மேல் கொண்டுவந்து அவள் பிடிக்க, அவர் கட்டினார். இரும்பைப் பற்றவைத்த விரல்கள் தடவித் தடவி முடிச்சுப் போட்டன.

“மூட எத்தனை நாளாகும்ணே?”

“நாளா? வருஷக்கணக்கா ஆகும். மூடினதும் நீ பாத்துச் சொல்லு.”

அவள் சத்தம் வராமல் அழுதாள். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அடுத்த கிளைக்குக் கையை நீட்டினார்.

அந்தப் பக்கம் இன்னும் முழுசாக மூடவில்லை. ஆனால் அதற்கப்புறம் வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட அவரைக் கேட்காமல் அவள் நகர்த்துவதில்லை.