நண்டுக்கு வைத்த பெயர்

ஆறே மாதம் என்று சொல்லித்தான் பேராசிரியர் திருநாவுக்கரசு தன் ஆய்வு மாணவி நீலாவதியைப் போர்ட் பிளேருக்குக் கப்பலேற்றினார். அது 1966. மூன்றாவது மழைக்காலமும் முடிந்துவிட்டது; ‘போதும், வா’ என்று மட்டும் அவர் எழுதக் காணோம். முழங்கால் சேற்றில் நின்று நண்டு பிடிப்பாள், பார்மலின் புட்டியில் போடுவாள், சென்னைக்குப் போகும் கப்பலில் அனுப்புவாள். திரும்பி வரும் கப்பலில் அவருடைய கடிதம் வரும். நாலே வரி. ‘இன்னும் வேண்டும்’ என்பதைத்தான் மனிதர் நாலு விதமாக எழுதுவார்.

அவர் கையெழுத்துப் போடாமல் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகாது, பட்டமும் கிடையாது. ஆனால் நீலாவதி ஏங்கியது கையெழுத்துக்கு மட்டும்தானா? சேர்ந்த புதிதில் ஒருநாள், “என் மாணவர்களில் நீதான் உருப்படி” என்று சொல்லிவிட்டார் அந்தப் புண்ணியவான். அதற்குப் பிறகு ஒரு நல்ல வார்த்தை இல்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள், பைத்தியக்காரி.

இந்தத் தடவை நம்பிக்கை இருந்தது. மாயாபந்தர் அலையாத்திக் காட்டில் இதுவரை எவரும் பதிவு செய்யாத நண்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அறுபது பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். ஆய்வேட்டின் உயிரே அந்த மூன்றாம் அத்தியாயம்தான். ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள்.

அவளுக்கு வரும் தபாலெல்லாம் ரஹ்மத்துன்னிசாவின் மளிகைக் கடைக்குத்தான் வரும். அங்கேயே நின்று உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரு கடிதம், கூடவே அச்சடித்த கட்டுரை. கட்டுரையைப் புரட்டியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அக்கா, நண்டுக்கு என் பேரை வச்சிருக்கார்! லத்தீன்ல நீலாவதின்னு போட்டிருக்கு பாருங்க.”

“மாஷா அல்லாஹ்! எழுதுனவுகன்னு போடுவாகள்ல, அங்கயும் ஒம் பேருதானா புள்ள?”

“இல்லக்கா, சார் பேரு. கண்டுபிடிச்சு எழுதுறவங்க தன் பேரையே வச்சுக்க மாட்டாங்க. எங்க துறையில அதுதான் வழக்கம்.”

“அப்ப நண்டுக்கு ஒம் பேரு, எழுத்துக்கு அவரு பேரா? ஹோஷியாரான ஆளுதான் ஒங்க சாரு, பலே கெட்டிக்காரரு.”

நீலாவதி கடிதத்தைப் பிரித்தாள். அந்த அத்தியாயம் தன் பெயரில் வெளியாகிவிட்டதால் இனி அவள் ஆய்வேட்டில் சேர்க்க இயலாது என்று எழுதியிருந்தார். கார் நிக்கோபாரில் இன்னும் ஒரு வருடம் சேகரித்தால் ஈடுகட்டலாமாம். அக்காவிடமும் அதைச் சொன்னாள்.

“டிக்கெட்டுதான் இருக்குல்ல, ஜஹாஜ்ல ஏறிப் போ புள்ள. போய் மூஞ்சிக்கு நேரா கேளு” என்றாள் ரஹ்மத்துன்னிசா.

கேட்கத்தான் நினைத்தாள். கோபத்தோடு கடையைவிட்டு இறங்கி நடந்தாள். வழியில் கடிதத்தை மறுபடி பிரித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. ‘உடம்பைப் பார்த்துக்கொள்.’ இரண்டு முறை மலேரியாவில் படுத்தபோதுகூட அவர் கேட்டதில்லை. நடுவெயிலில் நின்று அழுதாள். பறிபோன அத்தியாயத்துக்காக அல்ல, அந்த வரிக்காக. இதை எழுதும் எனக்கே அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

கப்பல் ஆபீஸில் டிக்கெட்டை நீட்டினாள்.

“என்னம்மா, கேன்சலா? மெயின்லேண்ட் போகலியா?” என்று கேட்டார் கிளார்க் சொக்கலிங்கம்.

“எப்படிப் போறது? சாருக்கு இங்க என்னை விட்டா ஆள் இல்லையே” என்றாள் நீலாவதி. சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.