மாலைச் செய்தி வாசித்தவர்

என் தம்பிக்கு மாமனாராக வரப்போகிறவர் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார் என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. தம்பி கிருபன் மியூனிக்கை அடுத்த கார்ஹிங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறான். அங்கேயே வேலை செய்யும் லின்னைத்தான் கட்டப்போகிறான். இருவரும் பேசிக்கொள்வது ஜெர்மனில். லின்னின் அப்பா சீனாவில் ஏதோ அரசு ஊடக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதை, வந்ததும் எல்லோரையும் அசத்த வேண்டும் என்று இந்த மடையன் மறைத்து வைத்திருந்தான்.

மியூனிக்கில் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடியே அவர் கைகூப்பினார். "வணக்கம். தங்கள் இல்லத்திற்கு வருகை தருவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். என் பெயர் காவ் வெய்மின். தமிழில் பூங்குன்றன்."

அம்மா வாயைப் பிளந்தபடி நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெர்மன் சொல் கலக்காமல் நாலு வசனம் பேச எனக்கு வராது. இந்த மனிதரின் தமிழோ இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.

சாப்பாட்டு மேசையில் அவரே தன் கதையைச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அரசாங்கம் அவருக்கு ஒதுக்கிய மொழி தமிழ். எதற்கென்று கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. படித்து முடித்ததும் 'தென்காற்று' என்ற அரசு வானொலியின் தமிழ்ப் பிரிவில் அறிவிப்பாளர் வேலை. அங்கே சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தமிழ்ப் பெயர் வைப்பார்களாம். பிறகு பிரிவுத் தலைவர், அதன்பின் பரப்புரைத் துறையில் துணை இயக்குநர். ஒவ்வொரு பதவியையும் ஒரு கறி பரிமாறுவதுபோல நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தார்.

"இரண்டாயிரத்து ஒன்பதில மாலைச் செய்தி வாசிச்சது நீங்களோ?"

"ஆம் ஐயா. நான்தான்," என்றார் அவர், பெருமையாக.

இலங்கையில் போர் உச்சத்தில் இருந்த அந்த வருடம் என் சித்தப்பா செல்வரட்ணம் வன்னியில் இருந்தார். அப்பா கணினிக்கு முன்னால் இருந்து, கிடைத்த வானொலி எல்லாவற்றையும் கேட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொன்னது. தென்காற்று மட்டும், இராணுவம் அறிவித்த பாதுகாப்பு வலயத்தில் மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று தெளிவாகச் சொன்னது. இவ்வளவு சுத்தமாகத் தமிழ் பேசுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று அப்பா நம்பினார். இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு செய்தியை நம்ப எங்கள் ஆட்களால்தான் முடியும். சற்றலைற் போனில் பேசிய சித்தப்பாவை அங்கே போகச் சொன்னது அப்பாதான். போன சித்தப்பா அங்கே விழுந்த குண்டில் குடும்பத்தோடு செத்துப்போனார்.

அதை அப்பா எங்கள் எல்லோருக்கும் முன்னால் அப்படியே சொன்னார். பிறகு கேட்டார். "நீங்கள் வாசிச்சது பொய் எண்டு உங்களுக்கு அப்ப தெரியுமோ?"

பூங்குன்றனின் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. "சற்று அவகாசம் கொடுங்கள் ஐயா. நாளை மறுமொழி தருகிறேன்."

"ஓம். நாளைக்கு வாங்கோ. அதைக் கேட்டுட்டுத்தான் கலியாணக் கதை."

தெரியும் அல்லது தெரியாது. ஒரு சொல்லுக்கு எதற்கு ஒரு நாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நடந்ததைக் கிருபன் லின்னுக்கு ஜெர்மனில் சொன்னான். அவள் வெளிறிப்போனாள். உன் அப்பா சம்மதிக்காமல் நான் பதிவுத் திருமணத்துக்கு வரமாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிரவு கிருபன் என் அறைக்கு வந்து, "அக்கா, என்னவாவது செய்," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் கார்ஹிங்கில் லின்னின் வீட்டுக்குப் போய் நானே அவரைக் கூட்டிவந்தேன். யூ-பான் ரயிலில் எனக்கு எதிரே அமர்ந்து, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு சொன்னார். "வேணுஜா அவர்களே, எங்கள் வானொலியில் எழுதியவர் பார்த்து, அடுத்தவர் பார்த்து, மேலதிகாரி பார்த்த பிறகே ஒரு வாக்கியம் வெளியே போகும். வாழ்நாள் முழுதும் அப்படித்தான் பேசினேன். இந்த மறுமொழியை நான் பார்த்துவிட்டேன். லின்னும் பார்த்துவிட்டாள். அவள் எதையும் வெட்டவில்லை. மூன்றாவதாக நீங்கள் பார்க்க வேண்டும்."

விளையாடுகிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று பிடிபடவில்லை. சொல்லுங்கோ என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். அது செய்திக் குரல் இல்லை. சொற்கள் இடறின. "ஐயா, வலயத்தில் குண்டு விழுகிறது என்ற தகவல் என் மேசைக்கு வந்தது. படித்தேன். என்னிடம் கொடுத்த தாளில் வேறு எழுதியிருந்தது. தாளில் இருந்ததை வாசித்தேன். எனக்குத் தெரியும். அந்த ஆண்டுதான் என்னைப் பிரிவுத் தலைவர் ஆக்கினார்கள்."

அந்த இடத்திலேயே அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அதே நேரம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வரும் என்று தெரியவில்லை. கிருபனின் முகம் நினைவுக்கு வந்தது. இதைக் கேட்டால் அப்பா இவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்.

"அங்கிள், இதைச் சொல்லாதேங்கோ. அப்பா இருதய வருத்தக்காரன், தாங்கமாட்டார். தெரியாது எண்டு சொல்லுங்கோ."

"தெரியாது என்றா?"

"ஓம்."

அவர் யன்னலைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். "திருத்தத்தை ஏற்கிறேன்." அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வீட்டில் எல்லோரும் கூடத்தில் காத்திருந்தார்கள். லின்னும் முன்பே வந்திருந்தாள். பூங்குன்றன் உட்காராமல் நின்றார். செய்திக் குரல் திரும்பிவிட்டது. "ஐயா, எனக்குத் தெரியாது. கொடுத்ததை வாசித்தேன். தங்கள் குடும்பத்தின் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்." ஒரு சொல்கூட இடறவில்லை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், வானொலி கேட்கிற மாதிரி.

"சரி. தெரியாமல் வாசிச்ச ஆளைக் குற்றம் சொல்லேலாது. கலியாணப் பதிவு டெர்மினுக்கு நான் வாறன்."

கிருபன் அப்படியே உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்தான். அம்மா பலகாரத் தட்டைத் தூக்கினார். தமிழ் தெரியாத லின் என் காதருகே வந்து ஜெர்மனில் கேட்டாள், தன் அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா என்று. சொல்லிவிட்டார் என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுதாள். உன் அப்பா எவ்வளவு பெரிய மனிதர் என்றாள்.

நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். நல்லதுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் அப்பா வந்தார். குளிசை போடத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"தெரியும் எண்டு சொல்லுவார் எண்டு நினைச்சன் பிள்ளை."

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்கள்?"

"கையைப் பிடிச்சிருப்பன். என்னோட சேர்ந்து சுமக்க ஒரு ஆள் கிடைச்சிருக்கும்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவருக்கும் தெரியாது எண்டா, இனி மிச்சம் ஆர்? போகச் சொன்ன நான் மட்டும்தானே."

கூடத்தில் கிருபன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் அப்படிச் சிரித்துப் பல நாளாகிறது. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா குளிசையை விழுங்கிவிட்டு, கோப்பையை என்னிடம் தந்துவிட்டுச் சம்பந்தியோடு இருக்கப் போய்விட்டார்.