பெயர்ந்த தாழ்ப்பாள்

குளியலறைக் கதவின் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி ஒரே நெம்பு. தாழ்ப்பாள் பெயர்ந்து உள்ளே போய் விழுந்தது. கதவு திறந்தபோது அவன் முகத்தில் வேலை முடிந்த மெக்கானிக்கின் திருப்திதான் இருந்தது. உள்ளே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் எட்டு வயது மகள் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அவனைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள். பிறகு வீறிட்டுக் கத்தினாள். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தார்கள்.

வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். உருவத்துக்கும் காரத்துக்கும் சேர்த்து அவள் அம்மா வைத்தது. முந்தின நாள் பள்ளி நாடகத்தில் மிளகுக்கு மரம் வேஷம். மரத்துக்கு ஒரே ஒரு வசனம். மேடையில் அதுவும் வரவில்லை. விரித்த கைகளை மடக்கவும் தோன்றாமல் நின்று அழுதிருக்கிறாள். பெற்றவர்கள் இருவருக்கும் அன்று வேலை, யாரும் போகவில்லை. சாயங்காலம் அப்பாவிடம் மட்டும் சொன்னாள், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. மறுநாள் அவன் தன் தம்பியோடு போனில் பேசும்போது, பேச வேறு ஒன்றும் இல்லாததால், அதை எடுத்துவிட்டான். மரம் அழுது பார்த்திருக்கிறாயா, எங்கள் வீட்டில் ஒன்று அழுதது என்றான். ஸ்பீக்கரில் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தது வாசற்படியில் நின்றவள் காதில் விழுந்தது. கையில் கிடைத்த கண்ணாடி டம்ளர் சுவரில் போய் உடைந்தது. அவன் கத்தினான். அவளும் கத்தினாள். குளியலறைக்குள் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவுக்குப் பின்னால் யாராவது அழுதால் அவன் கை சும்மா இருக்காது.

மருந்துக் கடை வேலையிலிருந்து வந்த மனைவி சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், நடந்ததைக் கேட்டாள். தோள்பையை இறக்காமலே சொன்னாள்:

"அவ உள்ள மாட்டிக்கல. உள்ள போனா. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"உள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஏதாவது ஆயிடும்னு தொறந்தீங்களா, அடங்க மாட்டேங்கறாளேன்னு தொறந்தீங்களா?"

அவன் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

அன்றிலிருந்து மிளகு அவனோடு பேசவில்லை. அப்பாவை ரிமோட்டைக் கொடுக்கச் சொல், அப்பாவை நகரச் சொல் என்று எல்லாம் அம்மா வழியாகவே வந்தது. அவன் வாங்கிவந்த சாக்லேட் பிரிக்கப்படாமல் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக்குள் போகிறவர்கள் இருமிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வீடு காசநோய் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது என்று மனைவி சொன்னாள். மிளகு சிரித்தாள். அவன் சேர்ந்து சிரிக்கப் பார்த்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது. கோபம் வந்தால் இப்போது போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தாள். இதுவரை எல்லாவற்றையும் அவனிடம் வந்து கொட்டிய பெண். எட்டு வயதிலேயே வாயை மூடிக்கொண்டால் பதினைந்து வயதில் இவள் வீட்டில் ஒரு வாடகை ஆள் மாதிரி இருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். காற்று வரும், பயமில்லை, கதவில் சாயாதீர்கள் என்று அவன் நிதானமாகப் பேசினான். அந்தக் குரலை வீட்டில் யாரும் கேட்டதில்லை. லிஃப்ட் பெட்டியை மாடிக்கு நேராகக் கொண்டுவந்துவிட்டு, வழக்கம்போல, "மேடம், கதவைத் திறக்கப் போறேன்" என்றான். உள்ளிருந்து கொஞ்சம் பொறுங்கள் என்று குரல் வந்தது. வெளியே அவளோடு வேலை பார்ப்பவர்கள் கூட்டமாக நின்றார்கள். அவன் சாவியைப் பிடித்தபடி காத்திருந்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம், கைப்பை ஜிப்பை இழுக்கும் சத்தம். சரி என்றாள், திறந்தான். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வந்தாள். யாரோ ஒருத்தி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் திறந்தான். மாடிப்படியில் இறங்கும்போது அவனுக்குத் தன்மேல் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலை பழைய தாழ்ப்பாளையே எடுத்துப் பொருத்தக் குளியலறை வாசலில் உட்கார்ந்தான். பிய்ந்த ஓட்டைகளில் தீக்குச்சி அடைத்து, இரண்டு ஸ்க்ரூ முடுக்கினான். டப்பாவில் இன்னும் இரண்டு இருந்தன. மிளகு சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். அவளைப் பார்க்காமல், ஸ்க்ரூவைப் பார்த்தபடி சொன்னான்:

"சித்தப்பாகிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் முகம் இளகும் என்றுதான் எதிர்பார்த்தான். எங்கே. இத்தனை நாள் போர்வைக்குள் கிடந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"சத்தியம் பண்ணிட்டு சொன்ன! எல்லாரும் சிரிச்சீங்க!"

ஓங்கி ஓர் உதை. டப்பா பறந்தது. போல்ட், நட், ஆணி எல்லாம் தரையெங்கும் சிதறி, சில உருண்டு வடிகால் ஓட்டைக்குள் விழுந்தன. அவனுக்குப் பின்கழுத்து சூடாகி, கை தானாக உயர்ந்தது. எவ்வளவு உயர்ந்தது என்பதை அவள் கண்களில்தான் பார்த்தான். கையை இறக்கி, எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டான்.

உள்ளே நின்றபடி மூச்சு வாங்கினான். வெகுநேரம் கழித்துக் கதவுக்கு மிக அருகில் குரல் கேட்டது.

"மாட்டிக்கிட்டியா?"

"இல்ல. கோவமா இருக்கேன்."

"என் மேலயா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தான். "ஆமா. என் மேலயும்."

அவள் அதை யோசித்தாள் போலிருக்கிறது. "எனக்கும் இன்னும் கோவம் போகல."

"சரி."

"நான் இங்க இருக்கவா, போகவா?"

இப்படி ஒரு கேள்வியை அவன் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அவனிடமும் யாரும் கேட்டதில்லை. இரு என்றான்.

கதவின் கீழ் இடுக்கில் இரண்டு சின்னப் பாதங்களின் நிழல் தெரிந்தது. ஒன்று மற்றொன்றைச் சொறிந்துவிட்டுத் திரும்பவும் தன் இடத்துக்கு வந்தது. தாழ்ப்பாள் இரண்டே ஸ்க்ரூவில் ஆடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு விரலால் தள்ளினாலே கழன்றுவிடும். அது அவளுக்கும் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. தள்ளவில்லை.