தொலைபேசி எண்ணோடு வந்த கருத்து

அச்சில் வரும் கடிதம் என்றால் போன் செய்து கேட்காமல் நான் விடமாட்டேன். "இதை நீங்கதான் எழுதினீங்களா?" "ஆமா" என்று சொல்லும் விதத்திலேயே ஆள் யாரென்று பாதி தெரிந்துவிடும். சிலர் மனைவி பெயரில் எழுதிவிடுவார்கள். மனைவி போனை எடுத்து, "எனக்கு எதுக்குங்க சாக்கடை மேல கோபம்? என் கோபமெல்லாம் இந்த மனுஷன் மேலதான்" என்பார். பத்தொன்பது வருடங்களாக எங்கள் உள்ளூர்ப் பத்திரிகையில் வாசகர் பக்கம் என் பொறுப்பு. அந்தக் குரல்களைக் கேட்பதற்காகவே வேலைக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இணையதளம் வந்தது; அந்தப் பழக்கம் போனது. ஒரு நாளைக்கு முந்நூறு கருத்துகள் வந்தால் யாருக்கென்று போன் செய்வது? வசவு இருந்தால் நீக்குவேன், மற்றதை விட்டுவிடுவேன். அப்படித்தான் அந்தப் புகாரையும் விட்டேன். "பதினேழாம் நம்பர் பஸ் டிரைவர் ஈவு இரக்கம் இல்லாதவர். ஊன்றுகோலோடு ஒரு பெண்மணி வருவதைப் பார்த்தும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்" என்று ஒருவர் நாள், நேரத்தோடு எழுதியிருந்தார். படித்ததும் எனக்கும் ரத்தம் கொதித்தது. சும்மா விட்டிருந்தாலும் பரவாயில்லை, 'இன்றைய வாசகர் குரல்' என்று பக்கத்தின் உச்சியில் ஏற்றினேன். சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் டிரைவரைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். நல்ல வேலை செய்தோம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் காலை, டிரைவரின் அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் அந்தப் பக்கத்தின் அச்சுப்பிரதி இருந்தது.

"என் தம்பியை வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க மேடம். நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. அதுல தப்புன்னு முடிவாயிட்டா வேலை போயிடும்."

"அதை நாங்க எழுதலைம்மா, வாசகர் எழுதினது" என்றேன். இந்தப் பதில் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

"உங்க பேப்பர்லதானே வந்துச்சு? ஆபீஸ்ல இதைத்தான் காட்டுறாங்க."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். அன்று வந்த கோபத்தை யார் மீது காட்டுவது என்றுதான் தெரியவில்லை. உட்காரச் சொன்னேன்.

"அந்த அம்மாதான் போகச் சொல்லிக் கையைக் காட்டினாங்கன்னு தம்பி சொல்றான். யாரு அந்த அம்மான்னு கேக்குறாங்க. அவனுக்குப் பேரும் தெரியாது, வீடும் தெரியாது. நானும் மூணு நாளா அந்த ஸ்டாப்புல போய் நின்னு பார்த்துட்டேன். ஊன்றுகோலோட யாருமே வரல."

"ஒருவேளை எங்களுக்கு ஏதாவது எழுதியிருப்பாங்களோ" என்றேன், சும்மா ஆறுதலுக்காக. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வெளியிடாத கருத்துகளுக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. அதை நான் திறந்து எத்தனை மாதமாயிற்று என்று எனக்கே நினைவில்லை.

அந்தப் பெட்டி என் கைங்கரியம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கருத்துப் பகுதி முழுக்க விளம்பரமாக இருந்தது. ஏழு நாளில் முடி வளரும், அழையுங்கள். வீடு வாடகைக்கு, அழையுங்கள். எரிச்சலில் எங்கள் கம்ப்யூட்டர்காரரைப் பிடித்து, "போன் நம்பர் இருக்கிற எதையும் என் கண்ணுல காட்டாதீங்க" என்றேன். அவரும் சொன்னபடியே செய்தார். அன்றிலிருந்து எண்ணோடு வருவதெல்லாம் நேரே அந்தப் பெட்டிக்குப் போய்விடும்.

ஆனால் கருத்து எழுதும் இடத்துக்குக் கீழேயே, அச்சுப் பக்கத்திலிருந்து எடுத்த பழைய வாசகமும் இருந்தது: 'முழு முகவரி, தொலைபேசி எண் இல்லாதவை ஏற்கப்பட மாட்டா.' அதைப் போட்டவளும் நான்தான். அதை மதிக்காமல் எழுதியவர்கள் எல்லோரும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். மதித்து எழுதியவர்கள் முடி வளர்ப்பவர்களோடு பெட்டியில் கிடந்தார்கள்.

திறந்தேன். ஆயிரத்துச் சொச்சம். 'பஸ்' என்று தேடினால் வாடகை வீடுகள் வந்து குவிந்தன. எல்லாமே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து வீடுகள். அக்காவும் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவருமாக ஒவ்வொன்றாகப் படித்தோம். மதியம் சாப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்குக் கிடைத்தது. ஒன்றல்ல, நான்கு. நான்கையும் எழுதியவர் ஒருவரே, ஒரு தையல்காரம்மா. வீட்டு எண், தெரு, தொலைபேசி எல்லாம் பிசகாமல் இருந்தன.

முதல் கருத்து பணிவாக இருந்தது. "ஐயா, அந்த ஊன்றுகோல்காரி நான்தான். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சிக்காக ஒன்றரை மாதம் அந்த பஸ்ஸில் போனேன். என்னால் வேகமாக நடக்க முடியாது என்று அந்த டிரைவர் தினமும் நிறுத்தத்துக்கு முன்னாலேயே நிறுத்தி என்னை ஏற்றிக்கொள்வார். வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. அன்று டாக்டர் சீட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தேன். திரும்பிப் போக வேண்டியிருந்ததால், நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன். நல்லது செய்தவரைத் திட்டுகிறீர்களே, தயவுசெய்து இதை வெளியிடுங்கள்." நான்காவதில் பணிவெல்லாம் போயிருந்தது. "நீங்கள் போடாவிட்டால் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்று நினைக்க வேண்டாம்."

அக்கா படித்து முடித்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் போனை எடுத்தேன்.

"இதை நீங்கதான் எழுதினீங்களா?"

"பத்திரிகையா? ஒரு வாரமா கழுத்தை நீட்டிக் காத்துக்கிட்டிருக்கேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று பிடிபிடியென்று பிடித்தார். வாங்கிக்கொண்டேன். டிரைவரின் வேலையைப் பற்றியும் நாளைய விசாரணையைப் பற்றியும் நான் சொன்னதும் குரல் இறங்கியது. "அன்னைக்கோட எனக்குப் பயிற்சி முடிஞ்சுதும்மா. அப்புறம் பஸ்ஸே ஏறல. இது வெறும் பேப்பர் சண்டைன்னுல்ல நினைச்சேன். எத்தனை மணிக்கு, எங்க வரணும்?"

அன்று மாலையே பக்கத்தின் உச்சியிலிருந்த புகாரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அவர் கடிதத்தைப் போட்டேன். ஒன்பது நாள் தாமதம் எங்கள் தவறு என்றும் கீழே எழுதினேன். புகார் எழுதியவர் அந்த பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில் செருப்பு விற்பவர். தேடிப் பிடித்துச் சொன்னபோது, "கண்ணால பார்த்ததைத்தாங்க எழுதினேன்" என்று உடைந்த குரலில் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. ஒரு போன் செய்ய வேண்டியவள் நான்.

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தையல்காரம்மா உள்ளே போய் இருபது நிமிடம் ஆகியிருக்கும். முதலில் அவருடைய குரல் கேட்டது, பிறகு அதிகாரியின் குரல், மறுபடி அவருடைய குரல்தான் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் கதவு திறந்தது. டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார்.

"நாளைக்குக் காலையில டூட்டிக்கு வரச் சொல்லிட்டாங்க அக்கா."

அக்கா அழுதுகொண்டே தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். தையல்காரம்மா டிரைவரிடம், "ஒன்பது நாளா உன் பேரு கெட்டுக் கிடந்திருக்கு, நான் பாட்டுக்கு வீட்ல தைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். மன்னிச்சிரு தம்பி" என்றார். "அன்னைக்கு நான் இறங்கி வந்து என்ன ஏதுன்னு கேட்டிருக்கணும்மா, நீங்கதான் மன்னிக்கணும்" என்றார் அவர். ஒரு தப்பும் செய்யாத இருவர் மாறி மாறி மன்னிப்புக் கேட்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்து நின்றேன். "அந்தப் புகாரை மேல ஏத்தினவ நான்தான். இவங்க எழுதினதைப் பூட்டி வச்சதும் நான்தான். ஒரு போன் பண்ணி விசாரிக்கல."

டிரைவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அக்கா எல்லாம் சொன்னா. நேத்து சாப்பிடாமக்கூடத் தேடினீங்களாமே" என்றார்.

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். தம்பிக்குத்தான் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினார். நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான். இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தேன்.