பல்லி சொன்ன மேலாளர்

நற்சகுனம் கம்பெனியில் வார்த்தெடுக்கிற பல்லிகள் உண்மைக்கு மட்டும்தான் சொல்லும். பொய்க்கு வாயைத் திறக்காது. வீடோ, கடையோ, ஆபீசோ, சுவர் இருக்கிற இடத்தில் ஒன்று வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டியது. நாம் பேசுகிறபோது அது ‘ச்சுக் ச்சுக்’ என்றுவிட்டால், “பாத்தியா, பல்லியே சொல்லிருச்சு” என்று ஒரு அதட்டுப் போடலாம். எதிராளி அதற்குமேல் பேச மாட்டான்.

ஒவ்வொரு பல்லியும் லாரி ஏறுவதற்கு முன்னால் தில்லைநாயகத்தின் மேசையைத் தாண்டியாக வேண்டும். அவர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சோதனையாளர். மேசைக்கு எதிரே உள்ள வெள்ளைச் சுவரில் பல்லியை ஒட்டவைத்து ஓர் உண்மை சொல்வார், ஒரு பொய் சொல்வார். உண்மைக்கு அன்றைய கிழமை. பொய்க்கு, “கேன்டீன் சாம்பார் பிரமாதம்.” கிழமைக்குச் சொல்லி, சாம்பாருக்குச் சும்மா இருந்தால் பல்லி பாஸ்.

இந்த முறை ஒரே ஒரு தடவைதான் பிசகியது. கேன்டீனுக்குப் புது மாஸ்டர் வந்து, அன்றைக்குச் சாம்பார் நிஜமாகவே நன்றாக அமைந்துவிட்டது. எல்லாப் பல்லியும் சாம்பாருக்கும் சேர்த்துச் சொல்ல, தில்லைநாயகம் மொத்தச் சரக்கையும் கழித்துப் போட்டார். மத்தியானம் ஒரு வாய் சாப்பிட்டதும்தான் விஷயம் புரிந்தது. அதற்குள் பல்லிகளை உருக்கியாகிவிட்டது. புது மாஸ்டரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சாம்பார் பழைய தரத்துக்குத் திரும்பியது. தில்லைநாயகத்துக்கு வரவேண்டிய மேலாளர் பதவி மட்டும் அதன்பிறகு அவர் பக்கமே திரும்பவில்லை.

பதவி வராமல் போனால்கூடப் பரவாயில்லை என்று இருந்துவிடுகிற ஆள்தான் அவர். ஆனால் மகள் பூங்கோதைக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது, அவர் மனைவி மரகதம் சபையில் சொல்லிவிட்டாள்: “எங்க வீட்டுக்காரரு கம்பெனியில மேனேஜர்.”

சம்பந்தி சட்டென்று சுவரைப் பார்த்தார். பல்லி கம்மென்று இருந்தது.

“என்னம்மா, பல்லி பேச மாட்டேங்குது?”

“அது கழிச்சுப் போட்ட பல்லிங்க, சம்பந்தி. சும்மா அழகுக்கு ஒட்டி வெச்சிருக்கோம்.”

“அதுக்கென்ன, முகூர்த்தத்துக்கு எங்க வீட்டுப் பல்லியைக் கொண்டாறோம். அது முன்னால ஒருவாட்டி சொல்லிருங்க. அப்புறம் தாலி கட்டிக்கலாம்” என்றார் சம்பந்தி, ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே.

அவர்கள் போனதும் மரகதம், “ஏங்க, நான் சொன்னது சொன்னதுதான். இனிமே அதை உண்மையாக்க வேண்டியது உங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டு, பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே ‘தரக்கட்டுப்பாட்டு மேலாளர்’ என்று அச்சடிக்கவும் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தேர்தல் வந்தது. முதலாளி வைரக்கண்ணு தில்லைநாயகத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

“என்னய்யா தில்லை, வேட்பாளருக்கெல்லாம் பல்லி வித்தோம். அத்தனையும் திரும்பி வந்து கெடக்கு. பாலம் கட்டுவேன், குளம் வெட்டுவேன்னு தொண்டை கிழியப் பேசுறாங்களாம். பல்லி ஒரு சத்தம் கொடுக்கலையாம்.”

“மொதலாளி, அதுதானே தரம்?”

“வாங்குறவனுக்கு எது வேணுமோ அதுதான்யா தரம். இனிமே பொய்க்கும் சொல்ற பல்லியாப் பாத்துப் பாஸ் பண்ணு. இந்தச் சரக்கு மட்டும் பாஸாகட்டும், நீதான் மேனேஜர்.”

தில்லைநாயகம் மேசைக்குத் திரும்பினார். புதுத் தரத்துக்குப் புதுப் பொய் ஒன்று வேண்டும். சாம்பாரை இனி நம்ப முடியாது. சந்தேகத்துக்கு இடமில்லாத பொய்யாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சோதனை வாக்கியத்தில் ‘நான்’ என்று வரக்கூடாது, யார் அந்த நான் என்று பல்லி குழம்பிவிடும். அதனால் பெயரைச் சொல்லியே தொடங்கினார்: “தில்லைநாயகம் தரக்கட்டுப்பாட்டு மேலாளர்.”

பல்லி சும்மா இருந்தது. அடுத்த பல்லியும் அப்படித்தான். கெஞ்சிச் சொன்னார், அதட்டிச் சொன்னார், ராகம் போட்டுக்கூடச் சொன்னார். கம்பெனியில் இருந்தது ஒரே அச்சு. அதில் வார்த்த பல்லிகளுக்கு வளைந்துகொடுக்கத் தெரியவில்லை.

வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. வைரக்கண்ணு வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா?”

“சொல்ல மாட்டேங்குதுங்க.”

“ஏன் சொல்ல மாட்டேங்குது?”

“நான் மேனேஜர் இல்லீங்களே.”

“சரக்கு பாஸாகாம உன்னை எப்படிய்யா மேனேஜராக்குறது?”

“மேனேஜராகாம சரக்கு பாஸாகாதுங்க, மொதலாளி.”

வைரக்கண்ணு லாரியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “சரி, இந்த நிமிஷத்திலருந்து நீ மேனேஜர். சொல்லித் தொலை.”

தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாக்கியத்தைச் சொன்னார். சுவரிலிருந்த பல்லி சொன்னது. பெட்டிகளுக்குள் இருந்த பல்லிகள் சொல்லின. லாரியில் ஏற்றியிருந்தவையும் சொல்ல, டிரைவர் என்ஜினில் ஏதோ கோளாறு என்று இறங்கிப் பார்த்தார். மொத்தச் சரக்கும் பாஸ்.

மறுநாளே வேட்பாளர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள். பாலத்துக்குப் பல்லி இப்போதும் வாய் திறக்கவில்லையாம். தில்லைநாயகம் மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மேலாளருக்கு உரிய பொறுமையோடு பதில் சொன்னார்: “பல்லியில ஒரு குறையும் இல்லீங்க. நாங்க சோதிச்ச வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்க.”

சொல்லிப் பார்த்தார்கள். சொன்னது.

அன்று மாலையிலிருந்து கூட்டங்கள் களைகட்டின. “ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வரும்! தில்லைநாயகம் தரக்கட்டுப்பாட்டு மேலாளர்!” ச்சுக் ச்சுக். கைத்தட்டல். எதிர்த் தரப்பு மேடையில், “பாலம் வராது, சுரங்கப்பாதை வரும்! தில்லைநாயகம் தரக்கட்டுப்பாட்டு மேலாளர்!” ச்சுக் ச்சுக். அங்கேயும் கைத்தட்டல். தேர்தல் நாளில் சனங்கள் யோசித்துப் பார்த்தார்கள். இரண்டு பேரும் சொன்னதில் பல்லி ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். ஆகவே வேட்பாளர்களை விட்டுவிட்டு அந்த வாக்கியத்துக்கே வாக்களித்தார்கள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்து, வாக்கியம் சட்டசபைக்குப் போயிற்று.

முகூர்த்தத்தன்று சம்பந்தி சொன்னபடியே தங்கள் வீட்டுப் பல்லியைக் கொண்டுவந்து மணவறைத் தூணில் ஒட்டினார்.

“ம், சொல்லுங்க சம்பந்தி.”

தில்லைநாயகம் வாயைத் திறப்பதற்குள் வெளியே கார் வந்து நின்றது. “எம்மெல்லே வந்தாச்சு” என்று யாரோ கத்தினார்கள். வாக்கியம் மண்டபத்துக்குள் நுழைந்து, சபைக்குப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டது. வாக்கியமே நேரில் வந்துவிட்டதால் அதை வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தூணிலிருந்த பல்லி தானாகவே சொன்னது. சம்பந்தி துண்டைச் சரிசெய்துகொண்டு, “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றார். பூங்கோதை கழுத்தில் தாலி ஏறியது.

பந்தியில் வாக்கியத்துக்கு மூன்று இலை போட்டார்கள், சொல்லுக்கு ஒன்றாக. மரகதம் பக்கத்திலேயே நின்று கவனித்தாள்.

“நடுச்சொல்லுக்கு இன்னும் ரெண்டு கரண்டி பாயசம் ஊத்துப்பா,” என்றாள் பரிமாறுகிறவரிடம். “அதுதான் நீளமானது.”