விருந்தாளி முன்னால் வாடாத தென்னைகள்

பதருன்னிசாவின் தோப்பில் நின்ற நாற்பத்தோரு தென்னைகளும் வெளியாள் முன்னால் வாடுவதில்லை. காலையிலிருந்து மட்டைகளைத் தண்டோடு ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். கேட்டின் கொக்கி சத்தம் கேட்டதோ இல்லையோ, அடிமட்டையிலிருந்து குருத்துவரை எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திக்கொள்ளும். ஓலையில் மஞ்சள் போய்ப் பச்சை ஏறும். வந்தவர் டீ குடித்து, விசாரித்து, கிளம்பி பஸ் ஏறியதும் அத்தனையும் பழையபடி தொங்கிவிடும். இது புதுப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், ஈ.சி.ஆர் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், மழை பொய்த்த வருஷத்துக் கோடையில் நடந்தது. அந்தக் கோடையில் தண்ணி லாரி என்ன விலைக்கு ஓடியது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதையும் அதே மாதிரிதான் சொல்வார்கள்.

வர்தா புயலில் போன நான்கைக் கழித்துத்தான் நாற்பத்தொன்று. புயலுக்கு அப்புறம் ஒரு மழைக்காலம் ஏதோ பேருக்குப் பெய்தது, அடுத்தது அதுவும் இல்லை. சுற்றிலும் ரிசார்ட்டுக்காரர்கள் ஆழத்துக்குப் போர் போட்டு உறிஞ்ச, தோப்புக் கிணற்றில் உப்பு ஏறியது. மரம் நோஞ்சானாகிவிட்டால் நோய்க்குச் சொல்லியா தரவேண்டும்? ஓலையின் அடியில் வெள்ளை ஈ வந்து அடை அடையாக ஒட்டிக்கொண்டது. அது கழித்த பிசினில் கரும்பூசணம் படர்ந்து, ஓலையெல்லாம் அடுப்பில் வாட்டியெடுத்தது போலக் கறுத்தது. குரும்பைகள் பொலபொலவென்று கொட்டின. இவ்வளவும் வீட்டாளுக்குத்தான் தெரியும். வெளியாள் பார்த்ததெல்லாம் பச்சைப்பசேல் என்ற ஒரு தோப்பு.

மரங்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, பதருன்னிசாவைத்தான் எல்லாருக்கும் தெரியுமே. முப்பது வருஷமாக அந்த வீட்டு வாசலுக்கு வந்தவர் எவரும் டீ குடிக்காமல் திரும்பியதில்லை. பால் இல்லாவிட்டால் பின்கதவு வழியாக ஓடி அடுத்த வீட்டில் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல முன்னால் வருவாள். சோற்றுக்கு ஆணம் ஒருவருக்குத்தான் காணும் என்றால் தனக்கு வயிறு சரியில்லை என்பாள். அவள் புருஷன் பஷீருதீன் பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். வாதம் அடித்து மூன்று வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார், பேச்சும் இல்லை. நலம் விசாரிக்க வருகிறவர்களிடம் அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்: நல்லா கீறாரு, இப்பதான் கண்ணசந்தாரு. உள்ளே அவர் நனைந்த துணியில் கிடந்து முனகுவது கேட்காமலிருக்க ஃபேனை வேகமாக வைத்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பாள்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவன் கண்ணாயிரம். இருபது வருஷமாக அந்த மரங்களில் ஏறி இறங்குகிறவன் என்பதால் அவனை மரங்கள் ஆளாகவே மதிப்பதில்லை, அவன் முன்னால் கூசாமல் தொங்கும். ஒருநாள் அவன் உச்சியில் இருந்தபோது புதிதாக வேலைக்குச் சேர்ந்த கேஸ் சிலிண்டர்காரர் உள்ளே வர, தொங்கிய மட்டைகள் சடாரென்று எழும்பி அவனைக் கீழே தள்ளப் பார்த்தன. இறங்கி வந்தவன் அன்று முழுக்க யார் யார் வந்தால் நிமிர்கிறது என்று பார்த்தான். பால்காரி பொன்னிக்கு நிமிரவில்லை. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கு நிமிர்ந்தது. பெருநாள் பெருநாளைக்கு மட்டும் வரும் மைத்துனருக்கு ரொம்பவே நிமிர்ந்தது.

தோஹாவில் இருந்த மகன் ஜுனைத் வீடியோவில் கூப்பிடும்போது முதலில் எல்லாம் மரங்கள் கண்டுகொள்ளவில்லை. மாமன் மகள் கல்யாணத்துக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. அத்தா பஷீருதீனுக்கு மூக்கில் குழாய் போட்டபோது வருகிறேன் என்றான், அதற்கும் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ஃபோனில் அவன் முகம் தெரிந்ததும் பின்னால் நாற்பத்தோரு மரமும் நிமிர்ந்து நின்றுவிட்டன. "தோப்பு ஜோரா கீதும்மா. நான் கவலப்பட வேணாம்ல?" என்றான் பிள்ளை. ஒரு கவலையும் இல்லை என்றாள். ஃபோனை வைத்துவிட்டு, மரங்கள்மேல் கோபம் கோபமாக வர, கிணற்றடியில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

அந்தப் பக்கத்தில் பச்சையாக இருப்பது இது ஒன்றுதான் என்று ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தி ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்த கூட்டம் வெயிலுக்கு ஒதுங்கியது. வாசலுக்கு வந்தவரைப் போ என்று சொல்ல அவளுக்கு நாக்கு வராது. எல்லாருக்கும் டீ. மரங்களும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓலையை இறக்க நேரமில்லாமல் நின்றன. சித்திரை பிறந்த வாரம் கேட்டோரத்து மரம் ஒன்று, பச்சை மாறாமல், நின்ற நிலையிலேயே கொண்டை ஒடிந்து விழுந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நல்லவேளை தள்ளி நின்றிருந்தார்கள். அந்த மாதத்துக்குள் இன்னும் நான்கு போயின.

வாடிய தோப்புகளுக்கு லாரித் தண்ணியும் வேர் மருந்தும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டதில், தோட்டக்கலை அதிகாரி ஸ்வாதி வந்தாள். மதுராந்தகத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் வண்டியை நிறுத்தும்போதே மரங்கள் தயாராகிவிட்டன. நோய் அறிகுறி இல்லை என்று எழுதிக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனாள். கண்ணாயிரம் தன் ஃபோனில் எடுத்த படங்களைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினான். அதிகாரி நேரில் நின்று பார்த்தால்தான் பட்டியலில் ஏறும் என்றார்கள்.

இரண்டாவது தடவை மரங்களை ஏமாற்றி அவளை உள்ளே கொண்டுவரப் பார்த்தார்கள். பதருன்னிசாவின் பழைய நைட்டியை மாட்டி, கண்ணாயிரத்தின் துண்டைத் தலையில் போட்டு, பின்பக்க முள்வேலி வழியாக. பாவம், அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டு கையெல்லாம் கீறிக்கொண்டாள். மரங்களா ஏமாறும்? ஆனால் அன்றைக்குத்தான் விழுந்த மரத்தின் கொண்டையை அவள் பிரித்துப் பார்த்தாள். உள்ளே குருத்து சருகாகக் கிடந்தது.

"தண்ணி இல்லன்னா தென்ன மட்டைய எறக்கி, குரும்பைய உதுத்து, தன்னக் காப்பாத்திக்கும்மா. வாடுனா பொழச்சிக்கும். இப்படி நிமுந்து நின்னா மொத்தமும் போயிடும்" என்றாள்.

பதருன்னிசா அன்று சோறு தின்னவில்லை. அந்த மரங்கள் அவள் கல்யாணமாகி வந்த வருஷம் அவளே குழி வெட்டி வைத்தவை. கட்டிலில் கிடக்கிறவருக்கு அவள் யாரென்றே தெரியாது, மகன் வருஷத்துக்கு ஒரு வாக்குறுதி தருகிறான், அவளை அறிந்து அவளோடு இருப்பது அந்தத் தோப்பு ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் தான் எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை. யாரும் வராதீர்கள் என்று கண்ணாயிரம் ஒரு பலகை எழுதி மாட்டினான். ஏன் வரக்கூடாது, என்ன ஆச்சு என்று விசாரிக்க அன்றைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் டீ கொடுத்தாள். இரண்டு மரம் விழுந்தது.

மூன்றாவது தடவை ஸ்வாதி வந்தது அக்கினி வெயிலின் உச்சிப் பொழுதில். விடிந்ததிலிருந்து பஷீருதீனின் படுக்கையை மூன்று முறை மாற்றி, உப்புத் தண்ணியில் துவைத்துப் போட்டு, பதருன்னிசா இன்னும் உட்காரவே இல்லை. கொக்கி சத்தம் கேட்டதும் கால் தானாகவே ஃபேன் சுவிட்சுக்குப் போனது, கரண்ட் இல்லை. உள்ளேயிருந்து முனகல் வாசல்வரை கேட்டது. மிச்சமிருந்த முப்பத்துநான்கு மரமும் நிமிர்ந்து ஓலை விரித்து நின்றன.

டீயெல்லாம் வேண்டாம், பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றாள் ஸ்வாதி. இருக்கட்டும் கண்ணு, ரெண்டே நிமிஷம் என்று சொல்லத்தான் பதருன்னிசா வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

"வூட்ல பால் இல்லம்மா" என்றாள். "சக்கரயும் இல்ல. இருந்தாலும் என்னால போட முடியாது. முடியல கண்ணு எனக்கு."

சொல்லிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. மூன்று வருஷமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை என்றாள். துடைத்துவிடும்போது அவர் நல்ல கையால் அடிக்கிறார் என்று முழங்கைக் கன்றலைக் காட்டினாள். மகன் வரமாட்டான், அது தனக்குத் தெரியும் என்றாள். அல்லாவே இவரை எடுத்துக்கொள் என்று சில நாள் தொழுகையில் கேட்டிருப்பதையும் சொன்னாள். குரலைத் தாழ்த்தாமல், உள்ளே இருப்பவருக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று சொன்னாள். வெட்கமாக இருக்கும் என்று முப்பது வருஷம் பயந்திருந்தவளுக்கு வெட்கமே வரவில்லை. அழுகை வந்தது, மூக்கைச் சிந்தித் துப்பட்டியில் துடைத்துக்கொண்டாள்.

கிணற்றோரத்து மரம்தான் முதலில் இறக்கியது. பாயை உதறிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு அதன் பக்கத்து மரம், அப்புறம் வரிசை முழுக்க, ரோட்டோரம்வரை ஒவ்வொன்றாக மட்டைகளைத் தொங்கவிட்டன. கறுத்த ஓலையும் வெள்ளை ஈயும் வெட்டவெளியில் தெரிந்தன. ஸ்வாதி ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று படம் எடுத்தாள், எண்ணிக்கையை எழுதினாள். வேலை முடிந்ததும் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, கஞ்சி எங்கே இருக்கிறது என்று கேட்டு, உள்ளே போய் பஷீருதீனுக்குக் குழாய் வழியாக ஊற்றினாள். திரும்பி வந்தபோது பதருன்னிசா கிணற்றோரத்து மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் லாரி வந்தது. கண்ணாயிரம் மரத்துக்கு ஒரு வேரைச் சீவி மருந்துப் பையைக் கட்டினான். மூன்று மரம் தேறவில்லை. மற்றவை தேங்காய் என்ற பேச்சே இல்லாமல் இரண்டு வருஷத்துக்குமேல் கிடந்து, பிறகு பாளை விட்டன. பஷீருதீன் மறு வருஷம் ரஜப் மாதத்தில் மவுத்தானார். சாவுச் செய்தி கேட்டு ஜுனைத் வந்தான். அவனுக்காக ஒரு மரமும் நிமிரவில்லை. தோப்பை நடந்து சுற்றிப் பார்த்தவன் டிக்கெட்டை மாற்றிப் போட்டு நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனான்.

இப்போது கோடை வந்தால் யார் இருந்தாலும் மரங்கள் மட்டையை இறக்கிக்கொள்கின்றன. படம் எடுக்க யாரும் வருவதில்லை. மற்றவர்கள் வருகிறார்கள், புதுப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு பாக்கெட் பாலும் கால் கிலோ சக்கரையும் வாங்கிக்கொண்டு, கொக்கியைத் தாங்களே திறந்து, நேராக அடுப்படிக்குப் போய் டீ போட்டு பதருன்னிசாவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைக்கிறார்கள். அவள் படுத்தபடியே வாங்கிக்கொள்கிறாள்.